சைவ விருந்தாளிக்குக் கோதுமையும் ஆகாது என்றால்: குளச்சல் வாசகிக்குப் பதில்

கேள்வி: எங்கள் வீடு குளச்சலில் இருக்கிறது. மகன் குருகிராமில் வேலை பார்க்கிறான். அவனுடைய மேலதிகாரியும் அவர் மனைவியும் அடுத்த மாதம் கன்னியாகுமரி பார்க்க வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். உள்ளி (வெங்காயம்), பூண்டு சேர்க்க மாட்டார். போதாததற்கு, சீலியாக் என்று ஏதோ நோய் இருப்பதால் கோதுமையும் கூடாதாம். மீன் இல்லாமல் ஒரு நாளும் கழியாத வீடு எங்களுடையது. வடக்கிலிருந்து வருபவருக்குச் சப்பாத்தியும் இல்லாமல் என்ன விருந்து வைப்பது? “ஒரு துளி பட்டால் என்ன ஆகிவிடப் போகிறது? மற்றவர்களுக்கு மீனாவது வைக்க வேண்டாமா?” என்று என் மாமியார் கேட்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குளச்சல்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கவலைப்படும் இடத்தில் ஆபத்து இல்லை. கவலைப்படாமல் விட்டுவிடக்கூடிய சில சின்ன இடங்களில்தான் அது இருக்கிறது. என்ன சமைப்பது என்பது உங்களுக்குப் பெரிய சிக்கலே ஆகாது. நம் மாவட்டத்து இலைச் சாப்பாடு அரிசியும் தேங்காயும் பயறும் கிழங்கும் மோரும் சேர்ந்து உருவானது. அதன் முக்கியமான கறிகள் எதிலும் கோதுமைக்கு இடமே இல்லை. அவியல், ஓலன், எரிசேரி, புளிசேரி ஆகியவற்றை உள்ளியும் பூண்டும் இல்லாமல் வைக்கும் வழக்கமும் நம்மிடம் பழையது. எனவே பன்னீரும் கோபி மஞ்சூரியனும் தேடிக் கடைக்குப் போகாதீர்கள். உங்கள் பாட்டி ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் வைத்த கறிகளையே வையுங்கள். சப்பாத்தி இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். சீலியாக் உள்ளவர் பல ஆண்டுகளாகச் சோற்றையும் சோளத்தையும் கம்பையும் உண்டு பழகியவராகவே இருப்பார். பயணத்தில் ஒவ்வொரு உணவகத்திலும் விசாரித்து விசாரித்துக் களைத்துப்போய் வரும் அவருக்கு, பயமில்லாமல் வயிறு நிறையச் சாப்பிடக் கிடைப்பதே பெரிய விருந்து.

முதலில் உங்கள் மாமியாரின் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சமையலறையில் அவர் உங்களோடு நின்றால்தான் இந்த விருந்து நல்லபடியாக நடக்கும். சீலியாக் என்பது ஒவ்வாமையோ, மனதுக்குப் பிடிக்காமையோ அன்று. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்ற பசைப்புரதம் இருக்கிறது. அது உள்ளே போனதும் இந்த நோய் உள்ளவரின் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது; உணவின் சத்தை உறிஞ்சுகின்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இதற்கு இன்றுவரை மருந்து கிடையாது, ஆயுள் முழுவதும் அந்தத் தானியங்களைத் தவிர்ப்பது ஒன்றே வழி. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளுட்டன் சில மாதங்கள் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் சேதமடைவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு துண்டு ரொட்டியில் அதைப்போலப் பல பத்து மடங்கு இருக்கும். கொதிக்க வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் குளுட்டன் அழியாது. உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. நம் நாட்டில் கோதுமையை அன்றாட உணவாகக் கொண்ட வட மாநிலங்களில் இது அதிகம் காணப்படுவதால்தான் நம் பக்கத்தில் பலருக்கு இதன் பெயரே புதிதாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில், நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதைக் கவனித்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், கோதுமைதான் காரணம் என்று 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். இதை உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். பட்டினிக் காலத்தில் குழந்தைகள் தேறினார்கள் என்பதைக் கேட்ட எந்தப் பெரியவரும் ஒரு துளியை அதன்பின் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி நான் சொன்ன சின்ன இடங்களுக்கு வருகிறேன். அவற்றில் முதலாவது பெருங்காய டப்பா. உள்ளியும் பூண்டும் இல்லை என்றவுடன், வாசம் குறைந்துவிடுமே என்று நம் கை தானாகப் பெருங்காயத்துக்குத்தான் போகும். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம், பொடியானாலும் கட்டியானாலும், பெரும்பாலும் மைதாவோடோ கோதுமை மாவோடோ பசையோடோ கலந்து செய்யப்படுவது. டப்பாவைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படித்தால் நீங்களே பார்க்கலாம். அரிசி மாவு கலந்தவையும் உண்டு என்றாலும் அவற்றைத் தேடி அலைய வேண்டிய தேவை இல்லை. அந்த ஒரு இரவுக்குப் பெருங்காயத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அதே காரணத்தால் கடைச் சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் ஆகிய எதுவும் வேண்டாம். அவற்றில் பெருங்காயம் ஏறக்குறைய நிச்சயமாக இருக்கும். ஏற்கெனவே வீட்டில் திரித்து வைத்திருக்கும் பொடியிலும் பெருங்காயம் சேர்த்திருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

பொட்டலத்தின் மேல் இருக்கும் பச்சைப் புள்ளியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். அது சைவம் என்பதை மட்டும்தான் உறுதி செய்கிறது, கோதுமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மைதா பிஸ்கட்டிலும் பச்சைப் புள்ளிதான் இருக்கும். உட்பொருள் பட்டியலின் கீழே ஒவ்வாமை தரும் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. குளுட்டன் உள்ள தானியங்களும் அதில் அடக்கம், ஆகவே அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும். ‘குளுட்டன் இல்லாதது’ என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது.

இரண்டாவது இடம் மாவு மில். அரிசி மாவில் குளுட்டன் இல்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை திரித்துவிட்டுப் போன அதே இயந்திரத்தில் உங்கள் அரிசி விழுந்தால், முதலில் வருகிற மாவெல்லாம் இரண்டும் கலந்ததாகவே இருக்கும். இடியாப்பமோ புட்டோ ஆப்பமோ செய்வதானால் பச்சரிசியை வீட்டிலேயே ஊறவைத்து மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். மாவு சலிக்கும் அரிப்பைத் தொடவே வேண்டாம். அதன் கண்ணிகளில் ஒட்டிய கோதுமை மாவை எவ்வளவு தேய்த்தாலும் முழுதாக எடுக்க முடியாது. கோதுமைப் புட்டு அவிக்கும் புட்டுக்குழல், சப்பாத்தி சுடும் தோசைக்கல், மரப்பலகை, மரக்கரண்டி ஆகியவையும் அப்படியே ஒதுங்கியிருக்கட்டும். பருப்பையும் பயறையும் முழு மல்லியையும் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். கோதுமை மணி ஒன்றிரண்டு கிடப்பது அரிதல்ல. பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசி எடுத்தால் போதும்.

மூன்றாவது, மீன். குழம்பிலிருந்து மீன் துண்டை ஒதுக்கிவிட்டு ஊற்றினால் அது சைவமாகிவிடும் என்று நம்மில் சிலர் உண்மையாகவே நம்புகிறோம். அசைவம் தொடாதவருக்கு அது வயிற்றைப் புரட்டும் செயல். மீன் குழம்பு வைத்துப் பழகிய மண்சட்டி எண்ணெயையும் மணத்தையும் உறிஞ்சி வைத்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. புதுச்சட்டி வாங்கிப் பழக்கவும் நாளாகும். ஆதலால் எல்லாவற்றையும் எவர்சில்வர் பாத்திரத்திலோ உருளியிலோ சமையுங்கள். பாத்திரம் தேய்க்கும் நார் புதிதாக இருக்கட்டும். மீன் சட்டியும் சப்பாத்தி மாவுப் பாத்திரமும் தேய்த்த பழைய நாரால் எதைக் கழுவினாலும் பயனில்லை. மீன் மசாலா அரைக்கும் அம்மியை விட்டுவிட்டு, மிக்சி ஜாரைக் கழற்றி, மூடியின் ரப்பர் வளையத்தையும் பிளேடின் அடியையும் வெந்நீரில் கழுவிக்கொள்ளுங்கள். எண்ணெய் புதிதாக உடைத்த பொட்டலமாக இருக்க வேண்டும். மீன் பொரித்து வடித்துவைத்த எண்ணெயில் பப்படம் பொரிக்கக் கூடாது என்று நான் சொல்லவே தேவையில்லை, ஆனால் அவசரத்தில் நடக்கும் தவறு அதுதான்.

அன்றிரவு மற்றவர்களுக்கு மீன் வைக்கலாமா என்று உங்கள் மாமியார் கேட்டதற்கு என் கருத்தைத் திட்டமாகச் சொல்கிறேன்: வைக்க வேண்டாம். ஒரே அடுப்பங்கரையில் இரண்டு சமையல் நடக்கும்போது கரண்டி மாறுவதை யாராலும் தடுக்க முடியாது. அதைவிட முக்கியமாக, ஒருவருக்கு மட்டும் தனி இலை, தனிக் கறி என்று வைத்தால் அவர் சாப்பாடு முடியும்வரை தம்மால் இவ்வளவு தொந்தரவு என்று கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பார். எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டால் அந்தச் சங்கடமே எழாது. மீனை மறுநாள் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், கடல் எங்கும் போய்விடாது.

பட்டியல் போடுவதற்கு முன்னால் மகன் வழியாக அந்த அம்மாவோடு ஒருமுறை நேரடியாகப் பேசிவிடுங்கள். பால், தயிர், நெய் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் சீலியாக் கண்டறிந்து அதிக காலம் ஆகாதவர்களில் சிலருக்குக் குடல் ஆறும்வரை பாலும் செரிப்பதில்லை. காரம் எவ்வளவு தாங்கும், தேங்காய் எண்ணெய் மணம் பழக்கமா, சர்க்கரை நோய்போல் வேறு கட்டுப்பாடு ஏதாவது உண்டா, கிழங்கு சாப்பிடுவாரா என்பவற்றையும் கேட்டுவிடுங்கள். உள்ளியும் பூண்டும் சேர்க்காத சில குடும்பங்களில் மண்ணுக்கடியில் விளையும் எதையும் உண்பதில்லை. கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். இப்படிப்பட்ட நோயோடு வாழ்பவர்களிடம் ஆலோசகராகப் பேசிவருகிற நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: முன்கூட்டிக் கேட்ட வீட்டில்தான் அவர்களுக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்குகிறது.

கிழங்குக்குத் தடை இல்லை என்றால் மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, கட்டாயம் வையுங்கள். குருகிராமிலிருந்து வருபவர் அதை நம் ஊரில் சாப்பிடுவதுபோல் வேறெங்கும் சாப்பிட்டிருக்க மாட்டார். 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்கம் கொடுத்துப் பரவச் செய்த கிழங்கு அது. நம் மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் நம் அடுப்பை விட்டுப் போகவில்லை. வேகவைத்த தண்ணீரை முழுவதுமாக வடித்துக் கொட்டுங்கள், அதில்தான் கிழங்கின் கசப்பும் நச்சும் இறங்கியிருக்கும். வெந்த கிழங்கோடு தேங்காய், சீரகம், பச்சைமிளகாய், மஞ்சள் ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து மசித்து, கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் விட்டு இறக்குங்கள். மீன் குழம்பு நிற்கும் இடத்தில் அன்று தீயல் நிற்கட்டும்.

தீயலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் உள்ளியும் பூண்டும் பெருங்காயமும் இல்லாமலேயே ஆழமான சுவை தரும் குழம்பு நம்மிடம் இதைப்போல் வேறில்லை. உள்ளித்தீயல்தான் பேர்பெற்றது என்றாலும் முருங்கைக்காயும் கத்திரிக்காயும் போட்டால் உள்ளி இல்லாத குறை தெரியாது. ஆறு பேருக்கு ஒரு சிறு தேங்காயைத் துருவிக்கொள்ளுங்கள். அடி கனத்த வாணலியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, துருவலை மெல்லிய தீயில் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் ஈரம் வற்றும், பிறகு பொன்னிறமாகும். அங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். நல்ல மரத்தவிட்டு நிறம் வந்து, வறுபட்ட தேங்காயின் மணம் முற்றம்வரை போகும்வரை, ஏறக்குறைய கால் மணி நேரம், வறுக்க வேண்டும். கறுக்கத் தொடங்கினால் கசந்துவிடும் என்பதால் கடைசி இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. இறக்குவதற்குச் சற்று முன் இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஐந்தாறு வத்தல் மிளகாய், அரைக் கரண்டி நல்லமிளகு, ஓர் இணுக்குக் கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்து வறுத்து ஆறவிடுங்கள். அரைக்கும்போது தண்ணீர் விடாமல் தொடங்கினால் தேங்காய் தன் எண்ணெயைத் தானே விடும். விழுது பளபளவென்று வந்தபின் தண்ணீர் தெளித்துக் கொள்ளலாம். எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்துக் காயை வேகவைத்து, விழுதைச் சேர்த்து, மேலே எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்கவிடுங்கள். பகலிலேயே வைத்துவிட்டால் இரவுக்குள் இன்னும் நன்றாகப் பிடித்திருக்கும்.

இவற்றோடு சோறு, நெய் விட்ட சிறுபருப்பு, அவியல், மத்தங்காயும் பெரும்பயறும் சேர்ந்த எரிசேரி, ஒரு பயற்றங்காய்த் துவரன், நேந்திரன் பழப் புளிசேரி, இஞ்சிக்கறி போதும். அவியலுக்குத் தேங்காய் அரைக்கும்போது பழக்கத்தில் ஓர் உள்ளியைத் தட்டிப் போடுபவர்கள் அதை மறக்காமல் விட்டுவிட வேண்டும். சிவப்புச் சம்பா அரிசியின் பருமன் பழக்கமில்லாதவருக்குப் பிடிக்காமல் போகலாம். பக்கத்தில் கொஞ்சம் பொன்னிச் சோறும் வடித்து வையுங்கள். இரவுச் சாப்பாடு என்பதால் இதற்கு மேல் கறிகளைக் கூட்டாதீர்கள். ரசம் வேண்டுமானால் நல்லமிளகும் சீரகமும் தட்டிப்போட்ட ரசம்.

பாயசத்தில் சேமியாவும் ரவையும் கோதுமைதான், எனவே சிறுபயறுப் பாயசமோ, சீசன் என்றால் சக்கைப் பிரதமனோ கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் விட்டுச் செய்யுங்கள். பாயசத்தோடு போளி வைப்பது நம் பக்கத்து வழக்கம். அது மைதா, அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம். பப்படம் உளுந்து மாவால் ஆனதுதானா என்று பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். வந்தவுடன் கொடுக்கும் பானத்திலும் கவனம் தேவை: மால்ட் சேர்ந்த சத்துமாவுப் பானங்களில் பார்லி இருக்கும். காப்பியோ சுக்குக்காப்பியோ இளநீரோ கொடுங்கள்.

பரிமாற வாழையிலையைவிடச் சிறந்தது இல்லை. எந்தத் தட்டில் எது பட்டிருந்ததோ என்ற கேள்வியே அதில் எழாது. ஒவ்வொரு கறிக்கும் ஒரு கரண்டி வைத்து, முதலில் அவருக்குப் பரிமாறுங்கள். வாங்கிய பொருள்களின் பொட்டலங்களை எறியாமல் வைத்திருங்கள். அவர் பார்க்கக் கேட்டால் மனம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுங்கள். அவர் உங்களைச் சந்தேகிக்கவில்லை, தம் குடலைக் காத்துக்கொள்கிறார். “இன்னும் கொஞ்சம், எனக்காக ஒரு வாய்” என்று வற்புறுத்துவது நம் உபசாரத்தின் அன்பான பகுதி என்பதை அறிவேன், ஆனால் அவரிடம் அதைச் செய்யாதீர்கள், வீட்டுப் பெரியவர்களிடமும் முன்பே சொல்லி வையுங்கள். எங்கேயாவது கை தவறி ஒரு கறியில் பெருங்காயம் விழுந்துவிட்டாலோ, வேறு கரண்டி பட்டுவிட்டாலோ, அந்தக் கறியை அவர் இலைக்குக் கொண்டுவராதீர்கள். சாப்பிட்ட பிறகுதான் தெரிய வந்தது என்றால் உடனே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதை மறைத்துவிட்டுக் கை வைத்தியம் எதுவும் கொடுத்துப் பயனில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

விடைபெறும்போது கையில் ஏதாவது கொடுத்தனுப்புவீர்கள். அந்தப் பையில் திருநெல்வேலி அல்வா இருக்கக் கூடாது, அது கோதுமைப் பாலிலிருந்தே கிண்டப்படுவது. அச்சு முறுக்கில் மைதாவும் முட்டையும் இருக்கக்கூடும். முந்திரிக்கொத்தின் உள்ளே இருப்பது சிறுபயறும் வெல்லமும் தேங்காயும்தான், ஆனால் முக்கிப் பொரிக்கும் மாவில் மைதா கலப்பவர்கள் பலர். வீட்டில் அரைத்த அரிசி மாவை மட்டும் கரைத்துப் புது எண்ணெயில் பொரித்தால் அதையே தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு நேரமில்லை என்றால் மார்த்தாண்டம் தேன் ஒரு புட்டி, நல்ல கருப்பட்டி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம் ஒரு சீப்பு கொடுங்கள். மட்டி சீக்கிரம் கனிந்துவிடும் என்பதால் சற்றுக் காயாகவே பார்த்து வாங்குங்கள்.